அளவக்கா மேடை ஏறிய நாள்

அளவக்காவுக்கு அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் தினமும் அதைத்தான் எழுதுகிறோம். ஆனால் எங்கள் தையல்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்பமாட்டார்கள், அவளே திரும்பமாட்டாள். பதினோரு வருஷமாக அவள் எங்களுக்கு அளவக்காதான். என்னை எல்லோரும் ஊசி என்பார்கள். நான் கைத்தையல்காரி. என் வாயையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே நான் சொல்லும்போது அங்கங்கே குத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் பாதிக் குத்து எனக்கே விழ வேண்டியது.

எங்கள் கூடம் ஒரு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறது. வெயில் ஏறினால் ரப்பர் வாடையும் படியேறி வந்துவிடும். விலை உயர்ந்த துணியில் வாடை பிடிக்கக்கூடாது என்று எங்கள் முதலாளி மேடம் கதவுக்கு அடியில் ஈரத்துண்டு வைக்கச் சொல்வார். முப்பது பேர் வேலை செய்கிறோம். மேடம் வரைவார், மாஸ்டர் வெட்டுவார், மற்றவர்கள் மிஷினில் தைப்பார்கள். மணி வைப்பது, கொக்கி வைப்பது, ஓரம் மடிப்பது எல்லாம் என் தலையில். அளவக்கா இஸ்திரி போடத்தான் வந்தாள். அவள் வந்த இரண்டாவது வாரம் உடுப்பு மாட்டிப் பார்க்கும் பொம்மையின் தோள் உடைந்துபோனது. மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இப்படி வாம்மா, ரெண்டு நிமிஷம் நில்லு" என்று பாதி தைத்த உடையை அவள்மேல் போட்டார். அச்சில் வார்த்தமாதிரி உட்கார்ந்தது. அந்த இரண்டு நிமிஷம்தான் இன்னும் முடியவில்லை.

கையைத் தூக்கு, குனி, உட்காரு, மூச்சை இழு, விடு. ஒரு நாளைக்கு இருபது தரம் போட்டுக் கழற்றுவாள். கழற்றியதும் ஓடிப்போய் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொள்வாள். குண்டூசி இடுப்பில் ஏறினாலும் வாயைத் திறக்கமாட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"வலிச்சா கத்தித் தொலையேன்க்கா, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கத்தினா உடம்பு ஆடும்டி. அளவு மாறிடும்" என்பாள். சிரிக்காமல் சொல்வாள். அது வேடிக்கையா உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் உடம்பை வைத்து வெட்டிய பழுப்புக் காகித அளவுகள் மாஸ்டரின் மேசைக்கு மேலே ஓர் ஆணியில் கொத்தாகத் தொங்கும். முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து என்று எல்லாம் அவள்தான். வாடிக்கையாளர் குண்டோ ஒல்லியோ, மாஸ்டர் அதிலிருந்துதான் கூட்டுவார், குறைப்பார். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவர் கை அந்த ஆணிக்குத்தான் போகும்.

அக்காவின் புருஷன் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள், இருபத்தொரு வயது. வெளிநாட்டில் ஒரு பெரியவரை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு நடுவில் லீவு கிடையாது. ஒரு சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, வேலை வாங்கிக்கொடுத்த ஆபீஸ் வாசலிலிருந்து வேன் கிளம்பும். விமான நிலையம் வேறு ஊரில், ஆறு மணி நேரப் பயணம். வேனில் கூட வருபவர்களை ஏற்றமாட்டார்கள். ஆகவே பார்ப்பது, கட்டிப்பிடிப்பது, அழுவது எல்லாம் அந்த வாசலோடு சரி.

அந்தப் பெண் ஒரு தொடைநடுங்கி. இருபத்தொரு வயதிலும் அம்மாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். "நீ வந்து ஏத்திவிடலேன்னா நான் ஏறமாட்டேன்மா" என்று ஒரு மாதமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவும் ஒரு மாதம் முன்பே மேடத்திடம் லீவு சொல்லிவிட்டாள். பதினோரு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த அரைநாள்தான்.

அதே சனிக்கிழமைதான் எங்கள் மேடத்தின் ஃபேஷன் ஷோவும் வந்து வாய்த்தது. ஒரு பெரிய ஹோட்டலில் மதியம் இரண்டு மணிக்கு. வெளியூர்க் கடைக்காரர்கள் வருகிறார்கள், அவர்கள் ஆர்டர் கொடுத்தால்தான் அடுத்த வருஷம் கூடம் நடக்கும் என்று மேடம் எங்களிடம் மறைக்காமல் சொல்லியிருந்தார். பன்னிரண்டு உடைகள். பதினொன்று தொளதொளவென்று இருக்கும், யார் வேண்டுமானாலும் போடலாம். கடைசியாக வருவது மட்டும் கழுத்திலிருந்து முழங்கால்வரை உடம்போடு ஒட்டி, அதற்குக் கீழே விரியும். அதில் ஒரு விரல்கடை இடம் விடாமல் மணி வைத்தவள் நான். நாற்பது நாள். கண் பூத்துப்போய்விட்டது. அந்த உடையைப் பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள்.

அக்கா காலையில் வந்து ஹோட்டலில் இஸ்திரி மட்டும் போட்டுவிட்டு, ஒரு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு.

பதினோரு மணிக்குக் கடைசி உடைக்கான மாடல் பெண் வந்தாள். மூன்று நாள் முன்பே அளவு பார்க்க வந்திருக்க வேண்டியவள், வேறு ஊர் வேலையில் மாட்டிக்கொண்டு அன்றுதான் வந்து இறங்கினாள். நல்ல பெண், ஆனால் கொக்குபோல உயரம். உடையைப் போட்டாள். நெஞ்சில் தொங்கியது, இடுப்பில் சுருங்கியது, கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் நின்றுவிட்டது.

"மாஸ்டர், இவங்க அளவுச் சீட்டு அனுப்பினாங்களே, அதை வெச்சுத்தானே வெட்டினீங்க?" மேடத்தின் குரல் இறங்கிப்போயிருந்தது.

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்தார். பிரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "பார்த்தேன் மேடம். பார்த்துட்டுத்தான் பையில வெச்சேன். வெட்டறப்போ கை தானா..." என்று அளவக்காவைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். முப்பது வருஷ அனுபவம் உள்ள மனிதர், பச்சைக் குழந்தை மாதிரித் திருதிருவென்று முழித்தார். நான் அவரை அன்றைக்குக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

மேடம் அதட்டியிருந்தால் அக்கா ஒருவேளை முடியாது என்று சொல்லியிருப்பாள். மேடம் அழுதுவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான்மா போடணும், உனக்குத்தான் இது தைச்சிருக்கு" என்றார்.

"நானா? மேடையிலயா? மேடம், எனக்கு நாற்பத்திமூணு வயசு. எல்லாரும் சிரிப்பாங்க."

"யாரும் சிரிக்கமாட்டாங்க. ரெண்டு மணிக்கு ஆரம்பிக்கும், ரெண்டே முக்காலுக்கு நீ நடந்து முடிச்சிடுவ. கார் வாசல்லயே நிக்கும். மூணரைக்கு உன் பொண்ணுகிட்ட இருப்ப. இது என் பொறுப்பு."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஒரு மணி நேர வேலைதானேக்கா, சமாளிச்சிடலாம்" என்றேன். நாற்பது நாள் வைத்த மணி அப்படிச் சொல்ல வைத்தது. வேறென்ன?

அவளுக்கு உடை அப்படியே பொருந்தியது. நெட்டைப் பெண்ணே "ஐயோ, எவ்ளோ அழகு" என்று வாயில் கைவைத்தாள். அவள்தான் நடையும் சொல்லிக்கொடுத்தாள். "அக்கா, யாரையும் பார்க்காதீங்க. எதிர்ச் சுவர்ல ஒரு புள்ளி இருக்குன்னு வெச்சுக்கோங்க, அதைப் பார்த்துட்டே போங்க. கடைசில மூணு எண்ணுங்க. திரும்பி வாங்க." அக்கா நடந்து பார்த்தாள். முழங்கால்வரை பிடித்திருந்ததால் ஒரு சாண் அடிதான் வைக்க முடிந்தது. தலையை ஆட்டிக்கொண்டே ஒரு பெருமூச்சு விட்டாள். முதுகில் ஜிப் பட்டென்று விட்டது.

அப்போதே மணி ஒன்று ஆகியிருந்தது. அந்த ஜிப்பைக் கழற்றி வேறு வைக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். மேடம் என்னைப் பார்த்தார். நான் ஊசியை எடுத்தேன். பிடரியிலிருந்து இடுப்புக்குக் கீழேவரை, இரட்டை நூலில், வெளியே தெரியாத பொடித் தையலாக, உடையை அவள் உடம்பிலேயே வைத்துத் தைத்து மூடினேன். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். என் கைத்தையல் லேசில் பிரியாது, அது எனக்கு எப்போதும் ஒரு கர்வம். பிரித்தால் திரும்பத் தைக்க முக்கால் மணி நேரமாவது வேண்டும். உட்காரவும் முடியாது, உட்கார்ந்தால் மணி தெறிக்கும். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குத்தானே என்று நினைத்தோம்.

இரண்டு மணி ஆனது. தொடங்கவில்லை. தலைமை விருந்தினர் வரவில்லையாம். ஹோட்டல் அவருடையது, அவர் வராமல் விளக்கைப் போடமாட்டார்கள். இரண்டே கால். இரண்டரை. இதோ பாலம் தாண்டிவிட்டார் என்றார்கள். எந்தப் பாலம் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டே முக்காலுக்கு மகளிடமிருந்து முதல் அழைப்பு வந்தது. போனை நான்தான் அக்காவின் காதில் வைத்துப் பிடித்தேன், அவளால் கையை அவ்வளவு மேலே தூக்க முடியவில்லை.

"கிளம்பிட்டியாம்மா?"

"வந்துடறேன் கண்ணு. கொஞ்சம் வேலை இழுத்துடுச்சு. நீ பெட்டியைப் பத்திரமா வெச்சுக்கோ."

"சொல்லிடேன்க்கா, இப்படி ஆகிப்போச்சுன்னு" என்றேன்.

"வேணாம்டி. நேர்ல சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பா. அழுதுட்டிருக்கிற நேரத்துல அவளுக்கு ஒரு சிரிப்பு வேணும்" என்றாள். அப்போதும் அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

மூன்றேகாலுக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. மூலையில் சுவரில் கையூன்றி நின்றவள் என்னைக் கூப்பிட்டாள். முகமெல்லாம் வியர்வை. மேடைக்காகப் போட்ட பூச்சு கரைந்து கழுத்தில் இறங்கியிருந்தது.

"ஊசி, வெட்டுடி."

"என்னக்கா?"

"முதுகுல வெட்டு. கத்தரி உன் இடுப்புலதான இருக்கு. நான் போறேன். என் பிள்ளை வாசல்ல நிக்குது."

நான் அசையவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் மற்ற பதினோரு மாடல் பெண்களுக்கு நடுவே போனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார். மாஸ்டரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பது பேர் வேலை, நாற்பது நாள் மணி, எல்லாம் தலைக்குள் சுற்றியது.

"இன்னும் பத்தே நிமிஷம்க்கா. வந்துட்டாராம்" என்றேன். அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. தன் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தாள். முதுகின் நடுவுக்கு எட்டவில்லை. இன்னொரு கையால் பார்த்தாள். அதுவும் எட்டவில்லை. பிறகு சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். நெட்டைப் பெண் வந்து விசிறினாள். வேறு என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

விருந்தினர் மூன்றே முக்காலுக்கு வந்தார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

நாலு பத்துக்கு அக்காவின் முறை. செருப்பு எதுவும் சேரவில்லை, வெறுங்காலோடுதான் அனுப்பினோம். திரை ஓரத்தில் நின்று நான் பார்த்தேன். விளக்கு அடித்ததும் மணிகள் பற்றி எரிந்தமாதிரி இருந்தது. கூட்டம் 'ஹா' என்றது. அவள் நடந்தாள். இல்லை, ஓடினாள். ஓட வேண்டும் என்று அவசரம், ஆனால் ஒரு சாணுக்கு மேல் கால் வராது. அந்த அவசரமும் அந்தக் கட்டும் சேர்ந்து ஒரு நடை வந்தது பாருங்கள், பார்த்தவர்கள் அதைப் புதுப் பாணி என்று நினைத்துக்கொண்டார்கள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. துடைக்கக் கை எழவில்லை. அதற்கும் கைதட்டினார்கள். முட்டாள் ஜனங்கள், அழுகைக்குக்கூடக் கைதட்டுவார்களா?

அப்போது என் கையிலிருந்த போன் அடித்தது.

"அம்மா, எல்லாரும் ஏறிட்டாங்க. எங்கம்மா இருக்க?"

"நான்தான் பாப்பா, ஊசி அத்தை."

"அத்தை, அம்மா எங்க?"

மேடையின் மறுகோடியில் அவள் மூன்று எண்ணிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே, "வந்துட்டே இருக்காங்கடா. கார்ல வந்துட்டே இருக்காங்க. நீ நில்லு" என்றேன்.

"சரி அத்தை. நான் நிக்கறேன். ஏறமாட்டேன்" என்றாள் அந்தப் பெண்.

அக்கா திரும்பி வந்ததும் கத்தரியை எடுத்தேன். அதற்குள் மேடம் பாய்ந்து வந்தார். வெளியூர்க்காரர்கள் உடையைக் கிட்டே பார்க்க வேண்டுமாம், படம் எடுக்க வேண்டுமாம், ஐந்தே நிமிஷமாம். அக்காவை இரண்டு பேர் முழங்கையைப் பிடித்துத் திரும்ப மேடைக்கு நகர்த்திக்கொண்டு போனார்கள். அவள் பொம்மை மாதிரிப் போனாள். யாரோ கையைத் தூக்கச் சொன்னார்கள், முடிந்தவரை தூக்கினாள். திரும்பச் சொன்னார்கள், திரும்பினாள். பதினோரு வருஷப் பழக்கம். நான் திரைக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன். நாலு இருபத்தெட்டுக்குத்தான் அவளை விட்டார்கள். ஒரே இழுப்பில் முதுகை வெட்டினேன். என் நாற்பது நாள் மணி தரையெல்லாம் சிதறி ஓடியது. அதை முன்பே செய்திருக்கலாம், அவ்வளவு சுலபமாக இருந்தது.

காரிலிருந்து போன் போட்டால் மகள் எடுக்கவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் நான் டிரைவரை வைதுகொண்டே போனேன், பாவம், அவர் என்ன செய்வார்? ஐந்து மணி தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். ஆபீஸ் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. காவல்காரர் ஒரு நாற்காலியை உள்ளே எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்.

"வேனா? அது எப்பவோ போயிடுச்சு. ஒரு பொண்ணு மட்டும் ஏறவே மாட்டேன்னுடுச்சும்மா. அம்மா கார்ல வந்துட்டே இருக்காங்க, வந்துட்டே இருக்காங்கன்னு வர்ற ஒவ்வொரு காரையும் ஓடிப்போய்ப் பார்த்துச்சு. டிரைவர் கால் மணி நேரம் நின்னார். அப்புறம் ரெண்டு பேர் கையைப் பிடிச்சு ஏத்தினாங்க" என்றார்.

அக்கா படியில் உட்கார்ந்தாள். கழுத்தில் இன்னும் பூச்சு இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தரி கையில் இருந்தும் வெட்டாததையும், போனில் நான் சொன்ன பொய்யையும் சொல்லி அழுதேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "சரி, எழுந்திரு. ஷட்டரை இறக்கணும்னு அவர் காத்துட்டிருக்கார்" என்று மட்டும் சொன்னாள்.

ஆர்டர் வந்தது. மேடம் அக்காவுக்கு ஒரு மாதம் லீவு கொடுப்பதாகச் சொன்னார். லீவை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? திங்கட்கிழமையே இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் இப்போதெல்லாம் சீட்டைச் சட்டைப்பையில் வைப்பதில்லை, மேசையில் ஒட்டுகிறார். மகள் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஆபீஸ்காரர்கள் சொன்னார்கள். அவளிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அக்கா தினமும் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாள்.

ஒன்பதாம் நாள் மதியம் செய்தி வந்தது. மேடையில் எடுத்த அந்தக் கண்ணீர்ப் படம் போன் போனாகச் சுற்றி, கடல் தாண்டி அவளிடமும் போயிருக்கிறது. படத்தை அனுப்பி, கீழே எழுதியிருந்தாள். அக்கா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், அதனால் நான் படித்தேன். "வந்துட்டே இருக்கேன்னு என்னை வாசல்ல நிக்கவெச்சிட்டு, இங்கதான் நடந்துட்டிருந்தியா? உனக்கு இதுதான் முக்கியமாம்மா?"

"அக்கா, நானே பதில் எழுதறேன். தைச்சது நான், வெட்டாதது நான், பொய் சொன்னதும் நான். எல்லாத்தையும் எழுதிடறேன். உன்னைக் கட்டிப்போட்டமாதிரி வெச்சிருந்தோம், நீ நகரக்கூட முடியாம அழுதேன்னு எழுதறேன். அவளுக்குத் தெரியணும்."

அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் யார் கையையும் அப்படி இறுக்கிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"எழுதாதே."

"ஏன்க்கா? உன்மேல தப்பே இல்லையே!"

"அவ இப்ப தெரியாத வீட்டுல, தெரியாத ஆளுங்களுக்கு நடுவுல இருக்கா. கதவைத் தொறந்துட்டு வரமுடியாது அவளால. அம்மாவையும் நாலு பேர் இப்படிப் பிடிச்சு வெச்சிருந்தாங்க, அம்மாவாலயே ஒண்ணும் பண்ண முடியலைன்னு தெரிஞ்சா பயந்துடுவாடி. ராத்திரி தூங்கமாட்டா. என்மேல கோவமா இருந்தா அந்தக் கோவத்துலயே ரெண்டு வருஷத்தை ஓட்டிடுவா. நீ ஆமான்னு போடு."

"அக்கா..."

"ஆமான்னு போடு."

நான் போட்டேன். அந்தப் பக்கம் அவள் படித்துவிட்டதாகக் காட்டியது. அக்கா போனை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு, ஆறிப்போயிருந்த இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கப் போட்டாள்.